கிளேர் மெக்கார்டலின் பாப்ஓவர்: ஆளைப் பற்றியும் வெட்டைப் பற்றியும் விவரம் வேண்டும்

கோத்தகிரி_தையல்வகுப்பு கேட்டது:

வணக்கம். கோத்தகிரியில் நடக்கும் தையல் வகுப்புக்கு நவம்பரில் ஒரு பாடம் தயாராகிறது. 1940, 50-களின் ஆடை வடிவமைப்பாளர் ஒருவரை எடுத்துக்கொண்டு முதல் ஒரு மணி நேரம் அவர் தொழில் வாழ்க்கை, மீதி நேரம் அவருடைய உடுப்பு ஒன்றை வெட்டித் தைப்பது என்று திட்டம். பாரிஸ் வடிவமைப்பாளர் டியோரை எடுத்தால் உள்பாவாடை, பேடிங், கேன்வாஸ் என்று சாமானே ஒரு மாதத்துக்கு இழுக்கும். அதனால் அமெரிக்காவின் கிளேர் மெக்கார்டல். அவர் டெனிமிலும் சாதாரண காட்டனிலும் தைத்த பாப்ஓவர் என்கிற சுற்றிக் கட்டும் கவுன்தான் பாடம்.

எந்த வருடத்துக்குப் பின் எது என்பதில் படிக்கும் இடமெல்லாம் குழப்பமாக இருக்கிறது. சரியான வரிசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அளவு: மார்பு 36, இடுப்பு 30, ஹிப் 40. இந்த அளவுக்கு எத்தனை மீட்டர் துணி, எப்படி வெட்டுவது, எங்கே சொதப்பும்? நவம்பரில் இங்கே மழையும் பனிமூட்டமும்தான், துணி லேசில் காயாது. அதையும் மனதில் வைத்துச் சொல்லவும். மாணவிகள் 12 பேர், எல்லோரும் சுடிதார், பிளவுஸ் வெட்டத் தெரிந்தவர்கள்.

பாவும்_ஊடையும்:

டீச்சர், வெட்டைக் குன்னூர்க்காரர் யாராவது சொல்வார்கள். ஆளைப் பற்றி நான் சொல்கிறேன்.

பிறந்தது 1905 மே 24, மேரிலாந்து மாநிலத்தில் ஃபிரெடெரிக் என்கிற ஊர். ஹுட் கல்லூரியில் மனையியல் சேர்ந்து, முடிக்காமல் நியூயார்க்குக்குப் போய், இன்று பார்சன்ஸ் என்று அழைக்கப்படும் பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பள்ளிக்குப் பாரிஸில் ஒரு கிளை இருந்தது, அங்கே ஒரு வருடம். பெரிய ஆடை நிறுவனங்களின் மாதிரி உடுப்புகள் சீசன் முடிந்ததும் மலிவு விலைக்கு வரும். அவற்றை வாங்கி, தையலைப் பிரித்து, துண்டு துண்டாகத் தரையில் பரப்பிப் பார்த்துக் கற்றவர் இவர். முக்கியமாக மதலேன் வியோனேயின் உடுப்புகள். வியோனே துணியைக் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டி, டார்ட் என்கிற ஆப்பு வடிவ மடிப்புத் தையல் போடாமலே உடம்போடு ஒட்ட வைப்பதில் கெட்டிக்காரி. மெக்கார்டல் பிற்பாடு செய்த பாதி வேலைக்கு விதை அந்தப் பிரித்த தையல்தான். வகுப்பில் ஐந்து நிமிடம் இங்கே நில்லுங்கள். முடிந்தால் பழைய கவுன் ஒன்றை மாணவிகள் கண் முன்னால் பிரித்துக் காட்டுங்கள்.

1928-இல் படிப்பு முடிந்து, சில்லறை வேலைகளுக்குப் பின் ராபர்ட் டர்க் என்கிற வடிவமைப்பாளரிடம் உதவியாளர். டர்க் டவுன்லி ஃபிராக்ஸ் என்கிற ரெடிமேட் கம்பெனிக்குப் போனபோது இவரையும் கூட்டிப்போனார். 1932-இல் டர்க் தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டார். சீசன் பாதியில் நிற்கிறது, மிச்சக் கலெக்‌ஷனை முடிக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. தலைமை வடிவமைப்பாளர் ஆனது இப்படித்தான்.

1934-இல் கம்பளி ஜெர்சி என்கிற பின்னல் துணியில் ஐந்து துண்டு ஒரு செட் போட்டார். மேலுக்கு, கீழுக்கு, கால்சட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு பெட்டியோடு ஊர் போய் வரலாம். கடைக்காரர்கள் வாங்கவில்லை. தனித்தனியாகத் தொங்கவிட்டு எப்படி விற்பது என்று அவர்களுக்குப் புரியவில்லை. இன்று டாப் தனி, பாட்டம் தனி என்று வாங்காத ஆள் உண்டா?

1938-இல் பெயர் எடுத்துக் கொடுத்தது மொனாஸ்டிக் என்கிற துறவி அங்கி போன்ற உடுப்பு. இடுப்பில் ஜாயின்ட் கிடையாது, டார்ட் கிடையாது, கிராஸில் வெட்டிய கூடாரம் மாதிரி தோளிலிருந்து தொங்கும். பெல்ட்டை எங்கே கட்டுகிறோமோ அங்கே இடுப்பு. பெஸ்ட் அண்ட் கோ என்கிற கடை முதலில் வாங்கி விற்றது. விற்ற வேகத்தில் நியூயார்க் முழுக்கக் காப்பி. காப்பி அடித்தவர்களோடு வழக்காடியே டவுன்லி நொடித்து மூடிவிட்டது. உடுப்பு ஓடியதால் கம்பெனி மூடியது, இந்தத் தொழிலில் இது புதிதில்லை.

நடுவில் கொஞ்ச காலம் நியூயார்க்கில் விலை உயர்ந்த ஆடை நிறுவனம் நடத்திய ஹாட்டி கார்னெகியிடம் வேலை. அங்கே வந்த பணக்கார வாடிக்கையாளர்களுக்கு இவர் உடுப்பு ரொம்பச் சாதாரணமாகப் பட்டது. 1940-இல் டவுன்லி மறுபடி திறந்தது, அடால்ஃப் கிளைன் என்பவர் கூட்டு. இந்த முறை லேபிளில் இவர் பெயரும் வந்தது. அமெரிக்க ரெடிமேடில் கம்பெனிதான் பெயர், வெட்டுகிறவருக்குப் பெயர் கிடையாது என்றிருந்த காலம் அது. இது பெரிய விஷயம்.

1942 பாப்ஓவர். போருக்காக வீட்டு வேலைக்காரப் பெண்கள் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். எஜமானியே சமைக்கவும் வேண்டும், அதே உடுப்பில் விருந்தாளிக்குக் கதவு திறக்கவும் வேண்டும், அப்படி ஒன்று வேண்டும் என்று ஹார்பர்ஸ் பஜார் பத்திரிகை கேட்டது. வேலைக்கான உடுப்பு என்ற கணக்கில் வந்ததால் விலை 6.95 டாலரில் நின்றது. முதல் சீசனிலேயே 75,000-க்கு மேல் விற்றது. பெரிய பாக்கெட், இடுப்பில் நாடாவோடு தொங்கும் அடுப்புக் கையுறை. சூடான பாத்திரம் தூக்க அந்தக் கையுறை.

ஜிப் உலோகம் போருக்குப் போனதால் நாடா, கொக்கி, கட்டு என்று அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது அவசியமாகவே ஆகிவிட்டது. தோலுக்கு ரேஷன் வந்தபோது பாலே நடனச் செருப்புக்கு மட்டும் ரேஷன் இல்லை. நடனச் செருப்பு செய்யும் கபீசியோ கம்பெனியிடம் அதற்குக் கெட்டி அடி வைத்துத் தரச் சொல்லித் தன் உடுப்போடு காட்டினார். இன்று கடையில் தொங்கும் பாலே ஃப்ளாட்டுக்கு வேர் அங்கே.

மிச்சத்தை வேகமாக முடிக்கிறேன். 1943-இல் கட்டடக் கலைஞர் இர்விங் ஹாரிஸோடு திருமணம். ஆடை வடிவமைப்புக்கான விருதுகளில் 1944-இல் கோட்டி விருது, 1948-இல் நீமன் மார்கஸ் விருது, 1955 மே மாதம் டைம் இதழ் அட்டைப்படம். அதே வருடம் ஓவியர்கள் பிக்காசோ, மீரோ, ஷகால், லெஜே வரைந்த வடிவங்களை அச்சடித்த துணியில் உடுப்புகள். 1956-இல் புத்தகம். 1958 மார்ச் 22, குடல் புற்றுநோயில் மரணம், வயது 52. கடைசிக் கலெக்‌ஷனை ஆஸ்பத்திரியில் படுத்தபடியே முடித்தார். லேபிளை வேறு ஆளை வைத்து ஓட்ட வேண்டாம் என்று குடும்பம் நிறுத்திவிட்டது. டியோர், பாலென்சியாகா பெயர்கள் இன்றும் கடைப் பலகையில் தொங்க, இவர் பெயர் மறைந்ததற்கு இது பெரிய காரணம்.

கத்தரி_குன்னூர்:

குன்னூர்க்காரர் வந்தாச்சு. டீச்சர், உங்கள் 36-30-40-க்கே சொல்கிறேன். மியூசியத்தில் இருக்கும் மூல உடுப்பின் பேப்பர் பேட்டர்ன் இல்லை இது. அதே முறையில் வகுப்புக்கு ஏற்ற வெட்டு.

துணி: 6 அவுன்ஸ் (ஒரு சதுர கெஜத்தின் எடை) டெனிம், அதற்கு மேல் போகாதீர்கள். ஜீன்ஸுக்கு வரும் 12 அவுன்ஸ் துணி இடுப்புக் கட்டில் முடிச்சே விழாது. 58 இஞ்ச் அகலம் என்றால் 2.75 மீட்டர், 44 இஞ்ச் அகலம் என்றால் 3.5 மீட்டர். சுருக்கத்துக்கு விட்டதும் இதில் அடக்கம்.

வெட்டும் முன் துவைக்காமல் கத்தரி வைக்கவே கூடாது. சான்ஃபரைஸ் செய்த, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிய துணி 3 சதவீதத்துக்குள் சுருங்கும். செய்யாததென்றால் 10 வரைகூடப் போகும். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பால்பாயிண்ட் பேனாவால் போட்டு, சுடுதண்ணீரில் அலசி, காய்ந்த பின் அளந்தால் தெரிந்துவிடும். நம்ம ஊர் நவம்பரில் தப்பு நடப்பது இங்கேதான். கையில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் நூலுக்குள் ஈரம் இருக்கும். அப்படியே அளந்தால் கணக்கு தப்பும். அயர்ன் போட்டு, ஆவி வருவது நின்று, பத்து நிமிடம் ஆறவிட்டு அளக்கவும். பாவு பக்கமும் ஊடை பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு சுருங்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. டெனிம் ட்வில் என்கிற சாய்கோட்டு நெசவு, துவைத்ததும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். துவைக்காமல் வெட்டித் தைத்தால் முதல் சலவைக்குப் பின் முன் பக்கத் துண்டின் அடி ஓரம் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். அதைப் பிரித்தாலும் சரிசெய்ய முடியாது.

உப்பு போட்டால், வினிகர் போட்டால் நீலம் பிடிக்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள். இண்டிகோ நூலின் மேற்பரப்பில் உட்காரும் சாயம், உப்புக்கு அது கட்டுப்படாது. பச்சைத் தண்ணீரில், உள்பக்கம் வெளியே திருப்பி, இரண்டு மூன்று தரம் தனியாக அலசினால் தளர்ந்தது போய்விடும். வெள்ளைத் துணியை அந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

இனி மேல் பகுதி. தோள்பட்டைக் கழுத்துப் புள்ளியிலிருந்து இடுப்பு வரை 17 இஞ்ச். பின் பகுதி பாதி 9¾, மடித்த துணியில் ஒரே துண்டு. முன் பகுதி நடுக்கோடு வரை 10, அதைத் தாண்டி இடுப்பில் இன்னும் 6 இஞ்ச். கழுத்துப் புள்ளியை நடுக்கோட்டிலிருந்து 3 இஞ்ச் தள்ளி வைத்து, அங்கிருந்து அந்த 6 இஞ்ச் முனைக்கு நேர்கோடு. கணக்குப் போட்டால் அந்தக் கோடு நடுக்கோட்டைக் கழுத்துப் புள்ளிக்குக் கீழே 5¾ இஞ்சில் தாண்டும், கழுத்து ஆழம் அவ்வளவுதான். 6-க்குப் பதில் 4 விட்டால் 7¼-இல் தாண்டும், குனிந்தால் தெரியும். துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரும் 4-க்கு இறங்க வேண்டாம்.

மார்பு டார்ட் போட வேண்டாம். பக்கத் தையலில் 1 இஞ்ச் குறைத்து, மிச்சம் 1½ இஞ்சை மார்புக்குக் கீழே இரண்டு சின்னப் பிளீட்டாக மடித்து இடுப்புத் தையலில் பிடித்துவிடுங்கள், பின் பாதியில் மிச்சம் 1¼ இஞ்சையும் அப்படியே. அயர்ன் போட்டு அழுத்த வேண்டாம், அப்படியே விழட்டும். உடம்பு ஏறி இறங்கினாலும் அது தாங்கும். மெக்கார்டலின் புத்தியே இதுதான், உடம்புக்குப் பொருந்துகிற வேலையைக் கத்தரி செய்வதில்லை, கட்டுகிற கை செய்கிறது.

பாவாடை: நீளம் 28, ஹெம் 2, தையலுக்கு 1, ஆக 31. பின் துண்டு இடுப்பில் 15, அடியில் 26. முன் துண்டுகள் இரண்டும் இடுப்பில் 7½ கூட்டல் 6, அடியில் 13 கூட்டல் 9. நடுவைத் தாண்டி அடியில் 9 இஞ்ச் இருந்தால்தான் உட்காரும்போது திறக்காது. இடுப்பிலும் 6 அடியிலும் 6 என்று நேராக விட்டால் நாற்காலியில் உட்கார்ந்த உடனே முழங்காலில் பிளந்துவிடும். இந்தக் கவுனில் அதிகம் பேர் செய்யும் தப்பு இது.

கட்டு: வலது பக்கம் மேலே. உள்ளே போகும் இடது முன் துண்டின் நாடா 38 இஞ்ச், அது வலது பக்கத் தையலில் விட்ட 1½ இஞ்ச் ஓட்டை வழியே வெளியே வந்து முதுகைச் சுற்றி இடது பக்கம் வரும். மேல் துண்டின் நாடா 20 போதும். இரண்டும் இடது இடுப்பில் முடிச்சு. ஓட்டையின் மேல் முனை கீழ் முனை இரண்டிலும் பார்டாக் (நெருக்கமான குறுக்குப் பூட்டுத் தையல்) போடாவிட்டால் பத்தாவது தரம் கட்டும்போது தையல் கிழிந்து மேலே ஏறும்.

தையல்: 100/16 ஊசி. வெளியே தெரிகிற இரட்டைத் தையல் வரிசைகளுக்கு நடுவே கால் இஞ்ச் இடைவெளி, தையல் நீளம் 3.5 மில்லிமீட்டர். நூல் தடிமனானது மேலே மட்டும், பாபினில் சாதா நூல். மேல் டென்ஷனைக் கொஞ்சம் குறைக்கவும், குறைக்காவிட்டால் கீழ் நூல் புள்ளி புள்ளியாக மேலே தெரியும். இரண்டு தையல் சந்திக்கும் மேட்டில்தான் ஊசி ஒடியும். காரணம், மெஷின் கால் முன்பக்கம் ஏறிச் சாய்ந்து நிற்கும், ஊசி வளைந்து இறங்கித் தட்டில் இடிக்கும். அந்த மேட்டை முதலில் மரச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டித் தட்டையாக்கவும். பிறகு அதே டெனிமை நாலாக மடித்து, காலின் பின்பக்கம் கீழே சொருகிக் கால் சமமாக நிற்கும்படி வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றித் தாண்டவும்.

கொடை_நூல்கண்டு:

கொடைக்கானல் பக்கமிருந்து. பாப்ஓவரோடு அந்த 1934 ஐந்து துண்டு செட்டையும் சொல்லுங்கள் டீச்சர், மலைக்கு அதுதான் பொருத்தம். காலையில் குளிர், பதினொரு மணிக்கு வெயில், மூணு மணிக்கு மூட்டம். ஒவ்வொன்றாகக் கழற்றவும் மாட்டவும் வேண்டிய ஊர் நம்முடையது.

கம்பளி ஜெர்சி கடையில் கேட்டால் கிடைக்காது. மன்னவனூரில் மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் பாரத் மெரினோ ஆடு இருக்கிறது, ஊட்டி சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டினம் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பளி மீட்டர் துணியாக நம் கைக்கு வருவதில்லை. அதனால் திருப்பூர் காட்டன் இன்டர்லாக் என்கிற இரட்டைப் பின்னல் துணி, 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம்). ஜெர்சித் துணி ரோலிலிருந்து அவிழ்த்ததும் வெட்டாதீர்கள், ரோலில் இழுபட்டு இருக்கும். மேசையில் தளர்வாக 24 மணி நேரம் கிடக்கட்டும். ஊசி பால்பாயிண்ட் 75/11. கூர் ஊசி போட்டால் கண்ணியை அறுத்துவிடும், இரண்டு துவையல் கழித்துத் தையல் ஓரமாக ஓட்டை வரிசை தெரியும்.

கோத்தகிரி_தையல்வகுப்பு:

மிக்க நன்றி எல்லோருக்கும். கத்தரி அண்ணா சொன்ன அளவில் பழைய பாப்ளினில் ஒரு சோதனைக் கவுன் வெட்டியாயிற்று. உட்கார்ந்தால் திறக்கவில்லை, சரியாக நிற்கிறது. ஆனால் கழுத்திலிருந்து இடுப்புக்கு வரும் சாய்ந்த ஓரம் மார்புக்கு மேலே வாய் பிளக்கிறது, பின் குத்தினால்தான் நிற்கிறது. அளவு தப்பா? அப்புறம் உள்பக்கம் கொக்கி வைக்கலாமா?

கத்தரி_குன்னூர்:

அளவு தப்பில்லை. அந்த ஓரம் சாய்வாக வெட்டுப்பட்டது, கிட்டத்தட்ட கிராஸ். கையில் தூக்கும்போதே இழுபட்டு நீண்டுவிடும். 17-க்கு 9 சாய்வு என்றால் ஓரத்தின் நீளம் 19¼ வரும். பாப்ளினின் கரையிலிருந்து கால் இஞ்ச் அகல நாடாவாக 18¾ இஞ்ச் வெட்டிக்கொள்ளுங்கள். கரை நீளாது, அதனால்தான் அது. ஓரத்தின் உள்பக்கம் இரண்டு முனையையும் பின் குத்தி, அரை இஞ்ச் அதிகத் துணியை நடு மூன்றில் ஒரு பங்கில் மட்டும், அதாவது மார்பு வரும் இடத்தில், கையால் தள்ளித் தள்ளி நாடாவில் அடக்கித் தைக்கவும். நீளம் முழுக்கச் சமமாகப் பிரித்துவிட்டால் தோளுக்குப் பக்கத்தில் சுருக்கம் விழும், மார்பில் பிளப்பு அப்படியே இருக்கும்.

வெட்டியதும் முதல் வேலை இது. தோள் கூடச் சேர்க்கும் முன். சோதனைத் துண்டைத் தோளில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு நாடா வைத்தால் அது ஏற்கெனவே நீண்டுவிட்டிருக்கும்.

கொக்கி: மெக்கார்டல் பித்தளைக் கொக்கிகளை வெளியே தெரியும்படி, அழகாகவே வைத்தார். மலையில் அது வேறு கதை. கடையில் வெள்ளையாக மின்னும் கொக்கி பெரும்பாலும் இரும்பின் மேல் நிக்கல் முலாம். துணியில் குத்தும் காலில் முலாம் முதலில் போகும். மூட்டத்தில் இரண்டு மழைக்காலம் தொங்கினால் கொக்கியைச் சுற்றி ஒரு ஆரஞ்சு வளையம், அது எந்த சோப்புக்கும் போகாது. பித்தளை என்றால் பச்சை பூக்கும். உள்பக்கம் துணி நாடா இரண்டு, இடது பக்கத் தையலில் ஒன்று, மேல் துண்டின் உள் முனையில் ஒன்று, தலா 9 இஞ்ச். போதும்.

கஞ்சி போட்டு மடித்து வைக்கவும் வேண்டாம். கஞ்சிதான் பூஞ்சைக்குச் சோறு, டெனிமில் கரும்புள்ளி விழுந்தால் சாயமும் சேர்ந்து போகும்.

பாவும்_ஊடையும்:

இரண்டு திருத்தம், நானே விட்டது. சுற்றிக் கட்டும் கவுனைக் கண்டுபிடித்தவர் மெக்கார்டல் என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்திலேயே அமெரிக்க வீடுகளில் ஹூவர் ஏப்ரன் என்று சுற்றிக் கட்டும் வீட்டு உடுப்பு இருந்தது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கட்டலாம், ஒரு பக்கம் அழுக்கானால் அதை உள்ளே தள்ளிவிடலாம். மெக்கார்டல் செய்தது அந்த அடுப்படி உடுப்பை விருந்து வாசல் வரை கொண்டுவந்தது. பின்னால் 1974-இல் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் ஜெர்சியில் செய்த ராப் டிரெஸ் வேறு சங்கதி, டிவியிலும் இணையத்திலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள்.

இன்னொன்று, 1943 லியோடார்ட், அதாவது நடனக்காரர் போடும் உடம்போடு ஒட்டிய உடுப்பு போன்றவை. அந்த யோசனை அவருடைய பள்ளித் தோழி மில்ட்ரெட் ஆரிக்குடையது. டவுன்லி அதைத் தயாரித்தது, பெயர் மெக்கார்டலுக்குப் போயிற்று. கடைசிக் கலெக்‌ஷனை ஆஸ்பத்திரியில் முடிக்க உதவியதும் அதே ஆரிக்தான்.

ஊட்டி_பார்டர்:

சுற்றிக் கட்டுவது என்று பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. நீலகிரித் தோடர்களின் பூத்குளி என்கிற போர்வையும் உடம்பளவுக்கு வெட்டித் தைக்காத சுற்றுத் துணிதான், மாணவிகளுக்கு அதோடு ஒப்பிட்டுச் சொன்னால் சட்டென்று புரியும். ஆனால் அழகுக்கு என்று கவுன் ஓரத்தில் மெஷினில் சிவப்பு கறுப்பு தோடா டிசைன் போட்டு விற்பனைக்கு வைக்க வேண்டாம். தோடா எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அது இழையை எண்ணிக் கையால் போடும் வேலை, மெஷினில் போட்டால் தோடர் கண்ணுக்கு உடனே தெரியும்.

கோத்தகிரி_தையல்வகுப்பு:

புரிந்தது, ஓரத்தில் வெறும் இரட்டைத் தையல்தான். நாடா வைத்ததும் பிளப்பு போய்விட்டது அண்ணா. கடைசியாக ஒன்று. மொனாஸ்டிக் உடுப்பைச் சிறியதாக ஒரு மாதிரி தைத்துக் காட்டலாமா, நேரம் போதுமா? பாப்ஓவரின் பாக்கெட் எந்த உயரத்தில்?

கத்தரி_குன்னூர்:

மொனாஸ்டிக்கை நவம்பரில் தொடாதீர்கள். வெட்டச் சுலபம், தொங்கவிடத்தான் காலம் வேண்டும். கிராஸில் வெட்டிய துணியை 48 மணி நேரமாவது தோளில் மாட்டித் தொங்கவிட்டு, அது இறங்க வேண்டிய அளவு இறங்கிய பின்தான் ஹெம். ஈரக் காற்றில் துணி கனம் கூடி இன்னும் இறங்கும். இன்று சமமாக வெட்டிய ஹெம் ஜனவரி வெயிலில் ஏற்ற இறக்கமாக நிற்கும். பிப்ரவரியில் செய்யுங்கள். அப்போதும் முன்னும் பின்னும் நடுவில் ஜாயின்ட் வைத்து நாலு துண்டாக வெட்ட வேண்டும். ஒரே துண்டு என்றால் இரண்டு பக்கமும் வேறு வேறு இழை விழுந்து, உடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். தையலுக்கு 1 இஞ்ச் விடுங்கள், கழுத்துக்கும் தோளுக்கும் கரை நாடா. ஹெம்மை இஞ்ச் டேப்பால் மேலிருந்து அளக்காதீர்கள். ஆளை நிறுத்தி, தரையிலிருந்து ஸ்கேல் வைத்து சாக்பீஸ் புள்ளி போட்டு வெட்டுங்கள்.

பாக்கெட்: 8 இஞ்ச் அகலம், 9 இஞ்ச் ஆழம், மேல் ஓரத்தில் 1½ இஞ்ச் மடிப்பு. மேலே வரும் வலது முன் துண்டில், இடுப்புத் தையலுக்கு 3 இஞ்ச் கீழே, பக்கத் தையலிலிருந்து 2 இஞ்ச் உள்ளே. கை சுலபமாக உள்ளே போக வேண்டும், அந்த மாணவியின் கைக்கு ஏற்ப அரை இஞ்ச் ஏற்றி இறக்கலாம். வாயின் இரண்டு மூலையிலும் உள்பக்கம் ஒரு இஞ்ச் சதுரத் துண்டு வைத்துத் தைக்கவும். சாமான் போட்டால் அந்த மூலைதான் முதலில் கிழியும். அடுப்புக் கையுறை தைப்பதானால் அதை பாக்கெட்டில் ஒட்டாமல் 14 இஞ்ச் நாடாவில் இடுப்புத் தையலிலிருந்து தொங்கவிடுங்கள், உள்ளே பழைய கம்பளி இரண்டு மடிப்பு. பாலியெஸ்டர் பஞ்சு வேண்டாம், சூட்டில் உருகும்.